சித்தப்பாவின் அமெச்சூர் ரேடியோ செட்டில் ஏ.எஃப். நொப் (சத்தம் கூட்டிக் குறைப்பது) உடைந்துவிட்டது. புதிது போடுவதா, பழையதையே காப்பாற்றுவதா?

வெள்ளவத்தை ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் ஒரு நொப்தான். ஆனால் மூன்று கிழமையாக எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு கதையில்லை.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். சித்தப்பாவுக்கு 74 வயது. கிளோகோமாவால் எட்டு வருடமாகக் கண் தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அவருடைய செட் 70களின் கடைசியில் ஜப்பானில் செய்தது. அனுப்பும் சைகைக்குப் பலம் கூட்டும் கடைசி இரண்டு கட்டமான டிரைவரும் ஃபைனலும் வால்வு, மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். எனக்கு மோர்ஸ் படிப்பித்தது இந்தச் செட்டில்தான். 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் செய்தி வந்த நாட்களில், மனிசன் இதன் முன்னாலேயே இருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர். பார்வை போன பிறகும் ஒரு பின்னேரம் விடாமல் 7 மெகாஹேர்ட்ஸில் இருப்பார். எந்த நொப் எங்கே, முனை எந்தப் பக்கம் பார்த்தால் எவ்வளவு என்பதெல்லாம் அவருடைய விரலுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முன்பு வீட்டுக்குப் பெயின்ற் அடித்தபோது மேசையை நான்தான் இழுத்தேன். செட் சரிந்து, முகப்பு ஜன்னல் கட்டையில் இடித்தது. ஏ.எஃப். நொப்பும் ஆர்.எஃப். நொப்பும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவை. வெளி வளையம் ஆர்.எஃப். (வரும் சைகையை எவ்வளவு பலமாக எடுப்பது என்பது), நடுவில் உள்ளது ஏ.எஃப். அடி விழுந்தது நடு நொப்பில். உள்ளே தண்டைப் பிடிக்கும் குழாய் நீளவாக்கில் பிளந்துவிட்டது. அதன் பிறகு நொப் சுற்றும், தண்டு சுற்றாது.

ஒரு திருத்தும் இடத்தில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பத்து நிமிடத்தில் சுப்பர் குளூ விட்டு அழுத்தித் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் சித்தப்பா சொன்னார், "இது பிழை. சத்தத்தைக் குறைச்சால் தூரத்து ஸ்டேஷன் எல்லாம் செத்துப் போகுது." நான் பார்த்தேன். ஏ.எஃப்.ஐக் குறைக்கும்போது, சைகையின் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றர் ஊசி மேலே ஏறுகிறது. கூட்டப் போனால் பாதிக்கு மேல் திரும்பாமல் நின்றுவிடுகிறது. இப்போது அவர் செட்டைப் போடுவதே இல்லை. கேட்டால் "பிறகு பார்ப்பம்" என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பிரீசெலக்டர் (கேட்கும் அலைவரிசைக்குச் செட்டைச் சரிப்படுத்துவது) நொப்பின் கிரப் ஸ்குரூ, அந்தத் தலையில்லாத சின்ன ஆணி, துருப்பிடித்து இறுகிவிட்டது. அலன் கீ போட்டால் வழுக்குகிறது. கடல் காற்றில் இங்கே ஜன்னல் கம்பியே மிஞ்சுவதில்லை.

வெளிநாட்டிலிருந்து பழைய நொப் எடுப்பிக்கலாமா, இங்கேயே புதிதாகச் செய்விக்கலாமா, அல்லது உடைந்ததையே சரிப்படுத்த முடியுமா? கையில் உள்ளவை சோல்டரிங் அயன், மல்டிமீற்றர், சாதாரணக் குறடு.


கொட்டாஞ்சேனை பழைய கப்பல்காரன் எழுதியது:

தம்பி, 22 வருடம் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவன் நான். உப்புக் காற்றும் நொப்பும் என்றால் எனக்குச் சொந்தக் கதை மாதிரி.

முதலில் உங்கள் நோயைச் சொல்லிவிடுகிறேன். நொப்புக்குள் விட்ட சுப்பர் குளூ அங்கேயே நிற்கவில்லை. அது தண்ணீர் மாதிரி, எங்கே நூலிழை இடைவெளி உண்டோ அங்கே தானாக ஓடும். உள்தண்டுக்கும் வெளித்தண்டுக்கும் நடுவில் ஓடிப்போய் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. ஒட்டிய நேரத்தில் ஆர்.எஃப். முழுதாகக் கூட்டியபடியும் ஏ.எஃப். பாதியிலும் இருந்திருக்கும். நாம் எல்லோரும் அப்படித்தானே வைத்திருப்போம். அதனால்தான் கூட்டப் போனால் ஆர்.எஃப். தன் எல்லையில் முட்டி ஏ.எஃப்.ஐயும் நிறுத்துகிறது. குறைத்தால் ஆர்.எஃப்.உம் சேர்ந்து குறைகிறது. இந்த மாதிரிச் செட்டில் ஆர்.எஃப். கெயின் குறைந்தால் ஊசி ஏறும், ஸ்டேஷன் இறங்கும். சித்தப்பா காதால் கேட்டது அச்சொட்டாகச் சரி. செட் பழுதில்லை, பயப்பட வேண்டாம்.

இனி வேலை. பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நொப்பைக் கழற்றுவதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை. அப்படித் திறக்க வேண்டி வந்தால், ஃபைனல் வால்வுகளுக்குப் போகும் மின்னழுத்தம் பல நூறு வோல்ட் என்பதையும், பிளக் கழற்றிய பிறகும் அது கண்டென்சரில் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மல்டிமீற்றரை வைத்து, இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போக வேண்டும். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எனக்குச் சொல்லித்தந்தவர் அப்படித்தான் செய்விப்பார்.

ஸ்குரூ டிரைவரை நொப்புக்கு அடியில் விட்டு நெம்பாதீர்கள். முகப்பில் வடு விழும், எழுத்தும் போகும். ஒரு சப்பாத்து லேஸை நொப்புக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனையையும் சேர்த்து நேரே முன்னால் இழுங்கள். வராவிட்டால், கீபோர்ட் தூசி ஊதும் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு விநாடி நொப்பில் அடியுங்கள். குளிர்ந்தால் சுப்பர் குளூ நொறுங்கும் தன்மைக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழாய் ஏற்கனவே பிளந்திருப்பதால் விரிந்து கொடுத்து வந்துவிடும்.

நொப் வந்த பிறகு வெறும் தண்டுதான் வெளியே நிற்கும். அயன் முனையை உள்தண்டில் ஒரு நிமிடம் வையுங்கள். சூட்டில் குளூ இளகும். வெளித்தண்டைப் பிடித்துக்கொண்டு, உள்தண்டைத் துணி சுற்றிய குறடால் மெல்ல அசையுங்கள். "டிக்" என்று விடும். பலவந்தம் வேண்டாம். பிடிவாதமாக நின்றால் தண்டுக்குப் பின்னாலுள்ள கொன்ட்ரோலையே வெளியே எடுத்து, ஊசி முனையில் ஒரு சொட்டு அசிட்டோன் விடலாம். செட்டில் இருக்கும்போது அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். முகப்பு எழுத்து, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

உடைந்த நொப்பை எறியாதீர்கள். அதற்கு நல்ல வழி இருக்கிறது, இன்று இரவு எழுதுகிறேன்.


மொரட்டுவ மாணவன் எழுதியது:

அண்ணா, என்னிடம் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. நொப்பைத் தந்தால் வேர்னியரில் அளந்து அதே மாதிரிச் செய்து தருவேன், காசு வேண்டாம்.

பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் மட்டும் செய்விக்காதீர்கள். 60 பாகை செல்சியஸ் அளவில் அது இளகத் தொடங்கும். வால்வுச் செட்டின் சூடும் கொழும்பு வெயிலும் சேர்ந்தால் கொஞ்ச நாளில் துளை தளர்ந்துவிடும். பி.இ.ரி.ஜி. பரவாயில்லை. அடுக்கு அடுக்காக வருவதால் அச்சு நொப்பின் குழாய் அந்த அடுக்கு வழியே பிளக்கும். அதனால் குழாயைச் சுற்றி ஓர் உலோக வளையம் கட்டாயம் வேண்டும். துளையும் வரைந்த அளவில் வராது, கொஞ்சம் சிறுத்துத்தான் வரும். முதலில் வெறும் வளையங்கள் நாலைந்து அடித்து, எது தண்டில் சரியாக உட்காருகிறது என்று பார்த்த பிறகே முழு நொப்பை அடிப்பேன்.

தண்டு முழு வட்டமா, ஒரு பக்கம் தட்டையாகச் சீவியதா, பல்லுப் பல்லாக இருக்கிறதா? படம் போடுங்கள்.


தெகிவளை ரீச்சர் எழுதியது:

பார்வையற்ற பிள்ளைகளுக்கு 19 வருடம் படிப்பித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என்னைத் தூண்டியதால்தான்.

தம்பி, நொப்பைப் பற்றி எங்களிடம் கேட்பதற்கு முன் சித்தப்பாவிடம் கேட்டீர்களா? உங்களுக்கு அது ஒரு பிளாஸ்டிக் துண்டு. அவருக்கு அதுதான் டயல், அதுதான் மீற்றர், அதுதான் எழுத்து. முனையில் உள்ள கோடு எவ்வளவு ஆழம், ஓரத்துப் பற்கள் எவ்வளவு கூர், எத்தனை மணிக்கு நேரே நின்றால் அவருக்குப் போதுமான சத்தம் என்பதெல்லாம் கையில் பதிந்திருக்கும். வழுவழுவென்று அழகான புது நொப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், அந்த இடத்தில் மட்டும் அவர் இரண்டாம் முறையும் பார்வை இழந்த மாதிரி. அதனால் முடிந்தவரை பழையதையே திருத்துங்கள். முடியாவிட்டால்தான் மொரட்டுவத் தம்பியின் அச்சு. அச்சடித்தாலும் பழைய நொப்பை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் கொடுத்து, அவர் "சரி" என்று சொன்ன பிறகு மாட்டுங்கள்.

திரும்ப மாட்டும்போது தட்டைப் பக்கத்தைக் கவனியுங்கள். பத்துப் பாகை விலகினாலும் அவருக்குத் தெரியும். முகப்பில் பன்னிரண்டு மணி இடத்தில் ஒரு சொட்டு நெயில் பொலிஷ் வைத்து, காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொரு சொட்டு, இப்படி நாலு தடவை வைத்தால் விரலுக்குத் தட்டுப்படும் புள்ளி கிடைக்கும். அதுவும் அவர் கேட்டால் மட்டும்.

"பிறகு பார்ப்பம்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது செட்டில் உள்ள சலிப்பு என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார்.


கொட்டாஞ்சேனை பழைய கப்பல்காரன் எழுதியது:

ரீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பழையதையே திருத்துவோம்.

பிளந்த குழாயை வெறும் பசையால் ஒட்டினால் நிற்காது. தண்டு உள்ளே போகும்போதே அது பிளவை விரிக்கப் பார்க்கிறது. எனவே வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம் வேண்டும். நாங்கள் கப்பலில் மெல்லிய செப்புக் கம்பியை ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் அரல்டைட் பசை பூசுவோம். தனி நொப்புக்கு அது போதும். உங்களுடையது ஒன்றுக்குள் ஒன்று. கம்பி சுற்றினால் குழாய் தடித்து, வெளி வளையத்தில் உரசும்.

அதற்கு ஒரு கெட்டிக்கார வழி, பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவின் இழுக்கும் ஏரியல். அது ஒன்றுக்குள் ஒன்று போகும் மெல்லிய பித்தளைக் குழாய்கள்தானே? ஒரே ஏரியலில் ஐந்தாறு விட்டம் கிடைக்கும். குழாயின் வெளி அளவுக்கு இறுக்கமாக வரும் துண்டைத் தேர்ந்து, ஐந்து மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டுங்கள். வாளால் அறுத்தால் நசியும். மேசையில் வைத்துக் கத்தியின் கீழே உருட்டிக்கொண்டே இருந்தால் கோடு விழுந்து சுத்தமாகப் பிரியும். உள் விளிம்பை ராவிவிடுங்கள்.

நொப்புக்குள் உள்ள பழைய குளூவைச் சுரண்டி, ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து, உப்புத்தாளால் சற்றுச் சொரசொரப்பாக்குங்கள். பிளவுக்குள் அரல்டைட்டை ஊசியால் செலுத்தி வளையத்தைத் தள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் காயும் வகை வேண்டாம், ஓர் இரவு எடுக்கும் வகையே பலம். துளைக்குள் அரல்டைட் இறங்காமல் இருக்க, பழைய கொன்ட்ரோல் ஒன்றின் அதே அளவுத் தண்டில் மெழுகுதிரியைத் தேய்த்து உள்ளே விட்டுவையுங்கள். காய்ந்த பின் இழுத்தால் வந்துவிடும்.

இனி கிரப் ஸ்குரூ. முதலில் உங்கள் அலன் கீ சரியான அளவுதானா என்று பாருங்கள். ஜப்பான் நொப்பில் அனேகமாக 1.5 அல்லது 2 மில்லிமீற்றர். யாராவது இடையில் அமெரிக்க நொப் போட்டிருந்தால் அது அங்குலக் கணக்கு, பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.59 மில்லிமீற்றர். அதற்குள் 1.5 கீயைப் போட்டால் வழுக்கி மூலைகளைத் தின்றுவிடும். தண்டிலும் இதே சிக்கல் உண்டு. ஜப்பான் தண்டு 6 மில்லிமீற்றர், கால் அங்குலத் தண்டு 6.35. கால் அங்குல நொப்பை 6 மில்லிமீற்றர் தண்டில் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். குளிர்பான டின்னின் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 0.2 மில்லிமீற்றர் அளவு பிடிக்கும், ஆட்டம் பெருமளவு போகும்.

ஸ்குரூவில் ஒரே ஒரு சொட்டுத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அடுத்த நாள் அயன் முனையை அதன் மேல் அரை நிமிடம் வைத்து, ஆறவிட்டு, திரும்ப ஒருமுறை வையுங்கள். பிறகு கீயைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். மூலைகள் போய்விட்டால் சற்றே பெரிய ஆறு மூலை நட்சத்திர முனையை (டொர்க்ஸ்) மெல்லத் தட்டி உள்ளே இறக்கித் திருப்புங்கள். வந்ததும் அந்தப் பழைய ஸ்குரூவைத் திரும்பப் போடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, துளி கிரீஸ் தடவிப் போடுங்கள்.

மூன்றாவதாக ஒரு பழக்கம் சொல்கிறேன். சில மிகப் பழைய வால்வு ரேடியோக்களில் சேசியே (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) வீட்டு மின்சார மெயினோடு சேர்ந்திருக்கும். அவற்றில் கிரப் ஸ்குரூவைத் தொட்டாலும் அடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் துளையை மெழுகால் அடைத்தார்கள். உங்கள் செட் அந்த வகை அல்ல. ஆனாலும் நொப் இல்லாத தண்டைக் குறடால் பிடித்துத் திருப்பும் பழக்கத்தைச் சித்தப்பாவுக்கு விடாதீர்கள்.


வெள்ளவத்தை ஒழுங்கை எழுதியது:

மூன்று பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ரீச்சர் எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அந்த ரீச்சர் சொல்றது சரி, நீ மேசையை இழுத்ததுக்கு நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார். அன்று இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு கடையில் "இழுக்கும் ஏரியல்" என்று கேட்டதற்குப் புதிதாகத்தான் காட்டினார்கள். கடைசியில் நடைபாதையில் பழைய ரேடியோச் சாமான் பரப்பி வைத்திருந்த ஐயா ஒருவர், முறிந்த ஏரியல் மூன்றை 200 ரூபாய்க்குத் தந்தார். "தம்பிக்கு என்னத்துக்கு முறிஞ்சது?" என்று கேட்டார். சொன்னேன். பழைய கொன்ட்ரோல் ஒன்றையும் சும்மா எடுத்துப் போகச் சொன்னார்.

லேஸ் வேலை செய்தது. காற்று டப்பா தேவைப்படவில்லை. தண்டு விடுவதற்கு அயனை மூன்று தடவை வைக்க வேண்டி வந்தது. மூன்றாம் தடவை நீங்கள் எழுதியது போலவே "டிக்" என்றது. சித்தப்பா பக்கத்தில்தான் இருந்தார், எனக்கு முன்பே அவர் "விட்டுட்டுது" என்றார்.

வளையத்துக்கு ஏரியலின் அடியிலிருந்து மூன்றாவது குழாய் பொருந்தியது. முதல் துண்டு நசிந்தது, நான் அவசரப்பட்டேன். இரண்டாவது சரி. அரல்டைட்டை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். வெளி வளையத்தில் உரசல் இல்லை, கடதாசி ஒன்று இடையில் போய்வருகிறது.

ஞாயிறு பின்னேரம் சித்தப்பாவே மாட்டினார். நொப்பை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கோடு உள்ள பக்கத்தைக் கண்டுபிடித்து, தண்டின் தட்டையை நகத்தால் தடவி, நேரே தள்ளினார். முதல் கேள்வி, "ஏன் இலேசாத் திரும்புது?" முன்பு கொஞ்சம் பாரமாகத் திரும்புமாம். குளூவை எடுக்கும்போது உள்ளே இருந்த பழைய கிரீஸும் போயிருக்க வேண்டும். தண்டுகளுக்கு இடையில் தடித்த கிரீஸ் ஒரு குண்டூசித் தலையளவு வைத்தேன். இரண்டு தரம் முழுதாகத் திருப்பிப் பார்த்து, "ம்ம், கிட்டமுட்ட வந்திட்டுது" என்றார். பன்னிரண்டு மணிப் புள்ளி வேண்டுமா என்று கேட்டதற்கு, ஏ.எஃப்.க்கு வேண்டாம், பிரீசெலக்டருக்கு ஒன்று வை என்றார்.

ஏழு மணிக்கு 7 மெகாஹேர்ட்ஸைப் போட்டோம். இந்தியாவிலிருந்து ஒருவர் நிதானமாக மோர்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா சத்தத்தைக் குறைத்தார், கூட்டினார், திரும்பக் குறைத்தார். நொப்பைத் திருப்பியதால் ஊசி ஏறவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மோர்ஸ் கீயை இழுத்து அவருக்குப் பதில் கொடுத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு.

மொரட்டுவத் தம்பி, நொப்பின் அளவுகளை வேர்னியரில் எடுத்து வைத்திருக்கிறேன். தண்டு ஒரு பக்கம் தட்டையாகச் சீவியது. இன்னொன்று கையிருப்பில் இருந்தால் நல்லது. ஆனால் ஓரத்துப் பற்கள் 36, அதில் ஒன்றும் குறையக்கூடாது என்று சித்தப்பா எண்ணிச் சொல்லியிருக்கிறார்.

பிரீசெலக்டர் ஸ்குரூ இன்னும் அசையவில்லை. எண்ணெய் விட்டு இரண்டு இரவு ஆகிவிட்டது. மூலைகள் முழுதாகப் போய்விட்டன, என்னிடம் நட்சத்திர முனை இல்லை. செவ்வாய்க்கிழமை பஞ்சிகாவத்தையில் ஒன்று வாங்கப் போகிறேன். கப்பல்கார ஐயா, ஸ்குரூ 3 மில்லிமீற்றர் மரை, 1.5 கீ போகும் துளை. எந்த அளவு முனை கேட்க வேண்டும்?


கொட்டாஞ்சேனை பழைய கப்பல்காரன் எழுதியது:

ஒரே இலக்கம் சொல்லிக் கேட்காதீர்கள் தம்பி, நொப் இன்னும் தண்டிலிருந்து கழலவில்லையே, சின்ன முனைகள் நாலைந்து வாங்கி வாருங்கள். வீட்டில் சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கையால் போகாமல், ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும் அளவுதான் உங்களுடையது. தட்டும்போது அடி தண்டில் விழக்கூடாது, பின்னாலுள்ள கொன்ட்ரோல் உடையும். நொப்பின் அடியில் ஒரு மரக்கட்டையை முண்டு கொடுத்து, கட்டைதான் அடியைத் தாங்கும்படி வைத்துத் தட்டுங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள். 2.5 மில்லிமீற்றர் துளை கருவியும் 3 மில்லிமீற்றர் மரை வெட்டியும் இருக்கிறது. சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள். என் வீட்டில் மாடிப்படி இல்லை.